அப்பா ஊரில் குடிக்கிறார், அறையில் நண்பர்கள் குடிக்கிறார்கள்: லண்டன் வந்த தம்பிக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியில், தருமபுரத்தில் அப்பா நீங்கள் அனுப்பும் காசில் குடிக்கிறார். லண்டனில் உங்களோடு இருக்கும் நாலு பேரும் வேலை முடிந்தால் போத்தலைத் திறக்கிறார்கள். வன்னி ஆட்களுக்கு இதுதான் தலையெழுத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை தம்பி.

நானும் வன்னிதான். போர் முடிந்து, 2010இல் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பினோம். வயலில் கண்ணிவெடி, பட்டியில் மாடு இல்லை. சொந்தக் காணியில் நெல் விதைத்த என் சித்தப்பா கூலிவேலை தேடி ஏ9 வீதியோரம் நின்றார். பின்னாலேயே தவணைக்கு வாகனம் கொடுக்கும் லீசிங்காரரும், வாராவாரம் தவணை கேட்கும் கிழமைக்கடன்காரரும் வந்தார்கள். சித்தி தவணைக் காசுக்கு ஓட, அவர் பொழுதுபட்டதும் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்குப் போவார். அன்றாடக் கூலி அன்றே கையில் விழும். அதை வைத்து மாடும் வாங்க முடியாது, கடனும் அடையாது. காணி துப்புரவாகி முதல் போகம் வெட்டிய வருடம்தான் அவர் குடி குறைந்தது. புத்தி சொன்ன நாங்கள் எல்லோரும் அதுவரை தோற்றுப்போயிருந்தோம்.

உங்கள் அறையிலும் அதே கதைதான்: வெளிநாடு வர ஏஜென்சிக்குக் கட்டிய கடன், விசா முடிவு தெரியாத வருடங்கள், இரவுவேலை, பேச ஆளில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று ஒதுக்காதீர்கள்.

வசதியானவர்களும் நன்றாகவே குடிக்கிறார்கள். ஆனால் பிரித்தானியாவில் குடியால் சாவது ஏழைப் பகுதிகளில்தான் அதிகம். ஸ்கொட்லாந்து 2018இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தபோது சாவு கூடுதலாகக் குறைந்ததும் ஏழைப் பகுதிகளில்தான். ஊரில் விலையை ஏற்றுவது மட்டும் போதாது. சாராயம் விலை ஏறினால் பக்கத்து ஒழுங்கையில் கசிப்பு இருக்கிறது.

சரி, இனிக் காசை அப்பா கையில் கொடுக்காமல் அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள். முடிந்தால் கிழமைக்கடனை முதலில் அடைத்து விடுங்கள். அப்பாவோடு கதைக்கும்போது குடியைப் பற்றி எடுத்ததும் கேட்காமல், வயல் எப்படி என்று கேளுங்கள். உடனே நிறுத்து என்று மட்டும் மிரட்டாதீர்கள். பல வருடம் குடித்தவர் சட்டென்று விட்டால் நடுக்கம், வலிப்புக்கூட வரலாம். வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இங்கே அறையில் யாராவது விட நினைத்தாலும் முதலில் ஜீபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், போகட்டும். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை.