குல்மார்க் பனிக்கு 88, 100, 112: எந்த அகல ஸ்கீ எடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து நான்கு நண்பர்கள் பிப்ரவரியில் ஒரு வாரம் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் போகிறார்கள். இரண்டு பேர் உத்தரகண்டின் ஔலியில் பனிச்சறுக்கு அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள். ஒருவர் 62 கிலோ, இன்னொருவர் 88 கிலோ. மற்ற இருவர் பனியையே பார்த்ததில்லை. வாடகைக் கடையில் 88, 100, 112 மி.மீ. என மூன்று அகலத்தில் ஸ்கீ (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகை) இருக்கிறதாம். "பவுடர் பனிக்கு (புதிதாக விழுந்த தூள்பனிக்கு) அகலமானதுதான் நல்லது என்கிறார்கள், நாலு பேருக்கும் 112 எடுத்துவிடலாமா?"

வேண்டாம். புதிதாகப் போகும் இருவருக்கு அந்த மூன்றுமே சரிப்படாது. ஔலியில் கற்ற இருவரும் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே நீளத்தில் அல்ல. பெரும்பனி கொட்டி ஓய்ந்த நாளில் மட்டும் 88 கிலோக்காரர் 112-க்கு மாற்றிக்கொள்ளலாம். காரணம் தெரிந்தால் கடையில் நின்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். ஸ்கீயின் மேல்பக்கம் 132-100-121 என்பது போல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முன்நுனி, இடுப்பு, பின்நுனி ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். கடைக்காரர் "100" என்று சொல்வது நடுவில் உள்ள இடுப்பு அகலம், அதாவது ஸ்கீ பூட் எனப்படும் கெட்டிக் காலணிக்கு நேர் கீழே இருக்கும் இடம். பக்கத்தில் 17 மீ, 19 மீ என்று இருந்தால் அது திரும்பும் வளைவின் ஆரம்.

அகலம் ஏன் உதவுகிறது என்பது காசிமேட்டுக் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமில்லை. மீன்பாடி வண்டியை உலர்ந்த மணலில் இறக்கினால் மெல்லிய சக்கரம் புதையும். அதே மணலில் பலகை போட்டால் பாரம் பரவி வண்டி மேலே நிற்கும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி மணலைவிடப் பல மடங்கு லேசானது. ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் தேறும். காற்று அடித்து இறுக்கிய பனியோ 300 கிலோவைத் தாண்டும். ஆக, புதுப்பனியில் எவ்வளவு புதைவீர்கள் என்பது உங்கள் எடையை ஸ்கீயின் மொத்தப் பரப்பு எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் இடுப்பு அகலத்தைப் பொறுத்தது அல்ல.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடை, பூட், ஸ்கீ, பை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 12 கிலோ கூட்டிக்கொள்வோம். சராசரி அகலத்துக்கு முன்நுனி, இரண்டு மடங்கு இடுப்பு, பின்நுனி மூன்றையும் கூட்டி நான்கால் வகுத்தால் தோராயமாகப் போதும். 128-88-112 வடிவில் 172 செ.மீ. நீள ஸ்கீ ஒரு ஜோடிக்கு சுமார் 0.36 சதுர மீட்டர் பரப்பு வரும். 138-112-128 வடிவில் 184 செ.மீ. ஜோடிக்கு 0.45. இப்போது 62 கிலோ ஆள் 88-இல் நின்றால் சதுர மீட்டருக்கு 207 கிலோ அழுத்தம். 88 கிலோ ஆள் 112-இல் நின்றால் 222 கிலோ. மெலிந்தவர் குறுகிய ஸ்கீயில் நின்றும், பருத்தவர் மிக அகலமானதில் நிற்பதைவிடக் குறைவாகவே புதைகிறார். அதனால்தான் "பவுடருக்கு இத்தனை மி.மீ." என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் சொல்பவரிடம், எத்தனை கிலோ ஆளுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. நம் பக்கம் பவுடர் என்றால் கேரம் பலகைதான் முதலில் நினைவுக்கு வரும். பலகையில் பவுடர் தூவினால் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு ஓடும். பனியில் நேர் எதிர். ஆழமான தூள்பனி ஸ்கீயைப் பிடித்து இழுக்கும். சரிவு குறைந்த இடத்தில் நின்றே போவீர்கள், பிறகு முழங்கால் ஆழத்தில் நடக்க வேண்டும். அகல ஸ்கீ மேலே மிதப்பதால் இந்த இழுவை குறைகிறது. தூள்பனியில் அகலத்தின் உண்மையான பலன் இதுதான். ஆனால் 10, 15 செ.மீ. புதுப்பனிக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் எந்த ஸ்கீயானாலும் அடியில் இருக்கும் கெட்டிப் படுகையைத் தொட்டுவிடும். 25, 30 செ.மீ.க்கு மேல் விழுந்தால்தான் வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

சரி, அகலம் இத்தனை நல்லது என்றால் ஏன் 112 வேண்டாம்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். அரையடி அகலப் பலகை ஒன்றை காசிமேடு என்4 பீச் மணலில் போட்டு, மேலே நின்று பாதத்தை ஒரு பக்கமாகச் சாயுங்கள். மணல் விலகிக் கொடுத்து பலகை முழுவதையும் தாங்கும், சாய்வது சுலபம். அதே பலகையைச் சிமெண்டுத் தரையில் போட்டு, ஒரு ஓரம் மட்டும் தரையில் பதியும்படி சாய்த்து நில்லுங்கள். பலகை திரும்பத் திரும்பப் படுக்கப் பார்க்கும், கணுக்கால் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பலகை அகலமாக ஆக ஆக இந்தப் போராட்டம் கூடும்.

கெட்டிப் பனியில் நடப்பது இதுதான். அங்கே உங்களைத் தாங்குவது ஸ்கீயின் அடிப்பரப்பு அல்ல, ஒரு பக்க எஃகு விளிம்பு மட்டுமே. ஸ்கீ பூட்டின் அடிப்பாகம் முன்புறம் சுமார் 69 மி.மீ. அகலம். 88 ஸ்கீயில் விளிம்பு பூட்டின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 9 மி.மீ. வெளியே இருக்கும். 112-இல் அது 21 மி.மீ. நெம்புகோல் இரண்டு மடங்குக்கு மேல் நீளுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தச் சுமை கணுக்காலுக்கும் முழங்காலின் உட்புறத்துக்கும் போகிறது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் கூடுதல் நேரம் பிடிக்கும். நன்றாகப் பழகிய கால்கள் சமாளிக்கும். இரண்டு வாரப் பயிற்சி எடுத்த கால்கள் மதியத்துக்குள் சோர்ந்துவிடும், சோர்ந்த கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

குல்மார்க்கில் ஒரு வாரம் இருந்தால் எத்தனை மணி நேரம் உண்மையான தூள்பனி கிடைக்கும் என்று யோசியுங்கள். அங்கே பனி மேற்கத்திய காற்றுக் குழப்பங்களோடு வருகிறது. இரண்டு மூன்று நாள் கொட்டும், பிறகு வெயில். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்ற ரோப்காரின் முதல் கட்டம் நடு நிலையமான கொங்தூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டருக்குப் போகிறது. காற்றும் பனிச்சரிவு அபாயமும் இருக்கும் நாட்களில் மேல் கட்டம் மூடியே இருக்கும். திறந்த காலையில் தொடப்படாத பனி. மதியத்துக்குள் எல்லோரும் ஏறி இறங்கி உழுத வயல் மாதிரி ஆகிவிடும். கீழ்ச் சரிவுகளோ நடப்பவர்களாலும் பனி ஸ்கூட்டர்களாலும் மிதிபட்டுக் கெட்டியாகவே இருக்கும். பிப்ரவரி கடைசியில் வெயில் படும் சரிவுகள் பகலில் இளகி, இரவில் உறைந்து, காலையில் கண்ணாடி போல் நிற்கும். நான்கு விதப் பனியும் ஒரே நாளில் வரலாம். 95-லிருந்து 105 வரையுள்ள ஸ்கீ இந்தக் கலவைக்கென்றே செய்யப்படுவது.

அகலத்தைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது வளைவை. கட்டுமரத்தின் அணியம் மேல்நோக்கி எழும்பியிருப்பது அலைக்குள் குத்திக்கொள்ளாமல் இருக்கத்தான். ஸ்கீயின் முன்நுனி நீளமாக, மெதுவாக மேலெழும்புவதை ராக்கர் என்கிறார்கள், வேலை அதேதான். இந்த எண்ணமே தண்ணீரிலிருந்து வந்தது. ஷேன் மெக்கான்கி என்ற ஸ்கீ வீரர் நீர்ச்சறுக்கு ஸ்கீயில் பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிடிக்கும் பொறி) மாட்டி அலாஸ்காவின் ஆழப்பனியில் இறங்கிப் பார்த்தார். 2000-களின் தொடக்கத்தில் வோலண்ட் நிறுவனம் அவருடைய யோசனைப்படி ஸ்பாட்சுலா என்ற, நடு தாழ்ந்து இரு முனையும் உயர்ந்த ஸ்கீயை வெளியிட்டது. ஆழப்பனியில் அற்புதம், கெட்டிப் பனியில் பிடிமானமே இல்லை. உங்களுக்கு வேண்டியது நடுவழி: முன்னால் தாராளமான ராக்கர், காலடியில் கேம்பர் என்ற வழக்கமான மேல்வளைவு, பின்னால் லேசான எழுச்சி.

கடையில் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் சிறு இடைவெளி தெரிந்தால் கேம்பர் இருக்கிறது. முன்நுனியிலிருந்து 30, 35 செ.மீ. தள்ளித்தான் இரண்டும் தொட ஆரம்பிக்கின்றன என்றால் ராக்கர் போதும். இப்படிப்பட்ட 100, முனை தட்டையாக இருக்கும் பழைய 110-ஐவிடப் புதுப்பனியில் நன்றாக மிதக்கும். ஆனால் ராக்கர் கூடினால் கெட்டிப் பனியில் தொடும் விளிம்பு குறையும், அதனால் வழக்கத்தைவிட 5 செ.மீ. நீளமாக எடுக்க வேண்டும். 62 கிலோக்காரருக்கு 168-லிருந்து 172 வரை, 88 கிலோக்காரருக்கு 180-லிருந்து 185 வரை பாருங்கள். மூக்கு உயரத்துக்குக் குறையாமல், தலையைப் பெரிதாகத் தாண்டாமல் இருந்தால் சரி.

கையில் தூக்கியும் பாருங்கள். மலையேற்றத்துக்குச் செய்த ஸ்கீ ஒன்று 1,300, 1,400 கிராம்தான் இருக்கும். தூக்க இதமாக இருக்கும், ஆனால் உழுத பனியில் துள்ளித் துள்ளி அடிக்கும். பைண்டிங் நீங்கலாக 1,800 கிராமுக்குக் குறையாததைக் கேளுங்கள்.

புதியவர்கள் இருவருக்கும் 72-லிருந்து 80 வரை அகலம், 150-லிருந்து 160 செ.மீ. நீளம். அவர்கள் வாரம் முழுக்க மிதிபட்ட சாய்வில்தான் இருப்பார்கள். முன்நுனிகளைச் சேர்த்து ஆப்பு வடிவில் வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். அகல நுனிகள் அப்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழத்தட்டும். கடையில் 80-க்குக் கீழே இல்லையென்றால் வேறு கடை பாருங்கள், 88-க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அகலத்தோடு கூடவே மாறவேண்டியது பைண்டிங்கின் பிரேக். ஸ்கீ கழன்றால் பனியில் குத்தி நிறுத்தும் இரண்டு கம்பிகள் அவை. 100 ஸ்கீக்கு 100-லிருந்து 110 அகலப் பிரேக் வேண்டும். குறுகலாக இருந்தால் கம்பி ஸ்கீயின் மேலேயே மாட்டிக்கொண்டு கீழே இறங்காது. மிக அகலமாக இருந்தால், சாயும்போது பனியில் உரசி ஸ்கீயைத் தூக்கிவிடும். கையால் பிரேக்கை அமுக்கி, விட்டு, தடையில்லாமல் இறங்குகிறதா என்று இரண்டு ஸ்கீயிலும் பாருங்கள்.

பூட்டின் குதிகால் பக்கம் 305, 315 என்று ஒரு எண் பொறித்திருக்கும். அது அடிப்பாகத்தின் நீளம். பைண்டிங்கை அதற்கேற்ப நகர்த்தி, உங்கள் எடை, உயரம், வயது, திறமை சொல்லி டின் எண்ணை (எவ்வளவு விசையில் ஸ்கீ கழல வேண்டும் என்ற அளவு) வைக்கச் சொல்லுங்கள். "பவுடர்ல கழலாம இருக்கட்டும்" என்று யாராவது அதை ஏற்றிவைத்தால் மறுத்துவிடுங்கள்; விழும்போது கழலாத ஸ்கீ முழங்காலைத் திருகிவிடும். பூட்டில் கிரிப்வாக் (நடக்க வசதியான ஒரு வகை அடிப்பாகம்) என்று இருந்தால் பைண்டிங்கிலும் அதே குறி இருக்க வேண்டும்.

விளிம்பில் நகத்தின் பின்பக்கத்தை லேசாகக் குறுக்கே இழுத்தால் வெள்ளையாகத் துகள் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் விளிம்பு மழுங்கிவிட்டது. மழுங்கிய 100-ஐவிடக் கூரான 88 எத்தனையோ மேல். அடிப்பக்கம் வெளிறித் திட்டுத்திட்டாக இருந்தால் மெழுகு போட்டு நாளாகிவிட்டது, போட்டுத் தரச் சொல்லுங்கள். மரம் தெரியும் அளவு ஆழமான கீறல் இருந்தால் வேறு ஜோடி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எந்த அகலமும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது. 2024 பிப்ரவரியில் குல்மார்க் பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீயர் ஒருவர் இறந்தார். மேல் கட்டத்தில் ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே, வழிகாட்டி இல்லாமலும், பனியில் புதைந்தவரைத் தேடி மீட்க உதவும் சிக்னல் கருவி, மண்வெட்டி, ஆழக்கோல் மூன்றும் இல்லாமலும் போகவே கூடாது. ஔலி அடிப்படைப் பயிற்சியோடு இந்த வாரம் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. கொங்தூரிக்குக் கீழே உங்களுக்கு வேண்டிய பனி தாராளமாக இருக்கும்.

கடைசியாக, "பிடித்திருந்தால் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா" என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று பயணமாவது வாடகையில் ஓட்டிவிட்டு வாங்குங்கள். அப்படியும் வாங்கினால், தண்டையார்பேட்டை உப்புக்காற்றில் எஃகு விளிம்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். வந்த அன்றே பையிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே உலர விடுங்கள். அடிப்பக்கம் முழுதும், விளிம்பையும் மூடும்படி தடிமனாக மெழுகு ஏற்றுங்கள். அடுத்த பயணம் வரை சுரண்ட வேண்டாம். மொட்டைமாடி அறையிலோ கடல் பார்த்த பால்கனியிலோ வைக்காமல், வீட்டின் உள்ளறையில் வெயில் படாத சுவரோரமாக நிறுத்தி வையுங்கள். ஈரமான பைக்குள் மூடி வைத்தால் மெழுகு இருந்தும் பிரயோஜனமில்லை. பைண்டிங் ஸ்பிரிங்கிலிருந்து துரு தொடங்கிவிடும்.