மண்ணுக்குள்ள இருக்குற பூஞ்சை பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: காட்ட அழிச்சு வயலாக்கினா மண்ணுல பூஞ்சை வகைங்க கொறஞ்சிடும்தானே?

பதில்: எண்ணிக்கைய மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. சில வயல் மண்ணுல காட்டுக்கு சமமா, ஏன் அதுக்கு மேலயே கூட வகைங்க இருக்கும். யாரு இருக்காங்கன்னு பாருங்க. பைன், ஓக் மரத்து வேர் நுனிய உறை போட்ட மாதிரி மூடிக்கிட்டு வாழுற பூஞ்சைங்களுக்கு சர்க்கரை குடுக்குறதே அந்த மரம்தான், மரம் போச்சுன்னா அதுங்களும் போச்சு, அந்த எடத்துக்கு ஃபியூசேரியம் மாதிரி எங்க விட்டாலும் பொழச்சுக்குற, பயிருக்கு வாடல் நோய் கொண்டு வர்றதுங்க ஏறி வந்துடும். நாலு காட்டு மண்ணு நாலு விதமா இருக்கும், அதையே வயலாக்கிட்டா நாலும் ஒண்ணுபோல ஆயிடும். எனக்கு பெரிய இழப்பா தெரியறது இதுதான்.

கேள்வி: உழுதா என்ன ஆகும்?

பதில்: வேருக்குள்ள குடியிருக்குற வேர் உட்பூசணத்த எடுத்துக்கோங்க. அதோட மெல்லிய இழை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட தடிமன் இருக்காது, வேர் நுழைய முடியாத சந்துல போய் செடிக்கு பாஸ்பரஸ் எடுத்துட்டு வரும். கலப்பை போனா அந்த வலை அறுந்துடும். இந்த பூஞ்சையிலயே குளோமஸ்னு சொல்ற வகைங்க அறுந்த துண்டுல இருந்தே திரும்ப முளைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஜிகாஸ்போரான்னு இன்னொரு வகைங்களுக்கு அது வராது, பெரும்பாலும் பூஞ்சையோட வித்துல (ஸ்போர்) இருந்துதான் புதுசா ஆரம்பிக்கணும், அதுக்குள்ள அடுத்த உழவு வந்துடுது. அடிக்கடி உழுற நெலத்துல குளோமஸ் கூட்டமே நெறைய இருக்கறது இதனாலதான்.

கேள்வி: நான் உழவே இல்ல, உரம் மட்டும் நல்லா போடுறேன், பரவால்லயா?

பதில்: பாஸ்பரஸ் தாராளமா கெடைச்சா செடி பூஞ்சைக்கு சர்க்கரை குடுக்குறத கொறச்சுக்கும், அதனால மண் டெஸ்ட் பண்ணிட்டு தேவைக்கு மட்டும் போடுங்க.

கேள்வி: மேய்ச்சல் நிலம்?

பதில்: உழாம, உரம் போடாம விட்ட பழைய புல்வெளி ஒரு பொக்கிஷம்ங்க. ஐரோப்பாவுல மெழுகு பூசுன மாதிரி பளபளன்னு செவப்பு, மஞ்சள்ல வர்ற ஹைக்ரோசைப் காளான்கள் பெரும்பாலும் அங்கதான் வளரும், உரம் போட்டா காணாம போயிடும்.

கேள்வி: என் நெலத்துல வேர் உட்பூசணம் இருக்கான்னு எப்படி பாக்குறது? இல்லன்னா திரும்ப வருமா?

பதில்: மெல்லிசான வேர லேப்ல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல வேக வச்சு, கழுவி, வினிகர்ல கலந்த பேனா இங்க்ல சூடு பண்ணி மைக்ராஸ்கோப்ல பாருங்க. வேர் செல்லுக்குள்ள குட்டி மரம் கெளை விட்ட மாதிரி நீலமா தெரியும். மொத தடவ பாத்தப்போ எனக்கு கண்ண எடுக்கவே மனசு வரல. திரும்ப வரணும்னா நெலத்த காலியா போடாதீங்க, உயிரோட வேர் எப்பவும் இருக்கணும். மூடுபயிரா கடுகு, முள்ளங்கி மட்டும் போட்டா ஆகாது, அந்த குடும்பம் வேர் உட்பூசணத்தோட கூட்டு வைக்காது, கூடவே ஒரு பயறும் ஒரு புல் வகையும் கலந்து விதைங்க.