திருப்பூர் சாயக்கழிவு நீர்: கேளுங்கள், சொல்கிறேன்

செந்தில்: சாயத் தண்ணீரில் நிறத்தை எடுத்துவிட்டால் போதாதா சார்?

போதாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (நூலிழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற, லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள்; அது சாதா உப்பாகவோ (சோடியம் குளோரைடு) சோடியம் சல்பேட்டாகவோ இருக்கும். அடர் நிறமென்றால் இன்னும் கூடும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வந்துவிடும். கழிவை பாக்டீரியா தின்று சுத்தப்படுத்தும் தொட்டியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. தெளிந்த தண்ணீரைக் காட்டி யாராவது சுத்தம் என்றால், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள்.

முருகேசன்: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் காடு. உப்பு பயிரை எப்படிக் கெடுக்கிறது?

அண்ணா, மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகிப்போகும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது பெரிய அநியாயம். உங்களைப் போன்ற நொய்யல் ஆற்று விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

கவிதா: கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்கிறார்களே, அந்த உப்பெல்லாம் எங்கே போகிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆர்.ஓ. (தண்ணீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு வடிகட்டி) பல கட்டமாக ஓடி, தண்ணீரில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். மிச்சத்தில் உப்பு செறிந்திருக்கும். அதை எவாப்பரேட்டரில் (ஆவியாக்கும் கருவி) சுண்டவைத்துக் குளிரவிட்டால், சோடியம் சல்பேட் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு கிளாபர் உப்புப் படிகமாகப் படியும். 32 டிகிரிக்குக் கீழே போகப் போக அதன் கரைதிறன் மளமளவென்று குறையும். வெள்ளையாக, ஊசி ஊசியாக வரும் அந்த உப்பு மறுபடி சாயத்தொட்டிக்கே போகும்.

சில சுத்திகரிப்பு நிலையங்களில் முழுக்க ஆவியாக்காமல் உப்புக் கரைசலாகவே திருப்பி அனுப்புகிறார்கள். எரிபொருள் நிறைய மிச்சம். ஆனால் கால்சியம், மெக்னீசியம் இருக்கக் கூடாது. இருந்தால் துணியில் திட்டு விழும்.

சிக்கல் கடைசியில்தான். ஒரு பட்டறை சோடியம் குளோரைடும் இன்னொன்று சல்பேட்டும் போட்டால், இரண்டும் கலந்த உப்பு மிஞ்சும். வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மழை பட்டால் கரைந்து மறுபடி நிலத்துக்குத்தான். ஒரே நிலையத்துக்குக் கழிவு அனுப்பும் பட்டறைகள் எல்லாம் ஒரே உப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பிரபு: சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் ரசாயனச் சேற்றை என்ன செய்வது?

உலர்த்தி சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பலாம். அதற்கு முன் சோதனை கட்டாயம்.

நிவேதா: எம்.டெக். பிராஜெக்டுக்கு எதை எடுக்கலாம் சார்?

கலப்பு உப்பைப் பிரிக்கும் நானோ ஃபில்ட்ரேஷன் (சல்பேட்டைத் தடுத்து குளோரைடைக் கடத்தும் சவ்வு வடிகட்டல்). ஆய்வகத்தில் கலக்கிய கரைசலோடு நிறுத்திவிடாதீர்கள். நிலையத்திலிருந்து நிஜக் கழிவை வாங்கி ஓட்டிப் பாருங்கள். மெம்பிரேன் (சவ்வு) அடைப்பு அங்கேதான் தெரியும்.