கலெக்‌ஷன் வடிவமைப்பும் விற்பனையும்: முதுகலைப் படிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு

ஃபேஷன் டிசைன் முதுகலைப் படிப்பைப் பற்றிப் பலர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். நான் ஃபேஷன் டிசைனில் முதுகலை முடித்தவள். சொந்த லேபிள் (உடை பிராண்டு) ஒன்றை இரண்டு வருஷம் நடத்திவிட்டு மூடினேன், அப்புறம் பல வருஷம் ஷோரூமில் நின்று மற்றவர்களுடைய கலெக்‌ஷனைப் பையர்களுக்கு, அதாவது கடைகளுக்காகச் சரக்கு வாங்குபவர்களுக்கு, விற்றேன். இப்போது சேர்க்கைக்கு விண்ணப்பிப்பவர்களின் போர்ட்ஃபோலியோக்களையும் (அவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பு) பார்த்துக் கருத்துச் சொல்கிறேன். அதனால் என் பதில்கள் கொஞ்சம் விற்பனைப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கேள்வி: அக்கா, இளங்கலையில் நான்கு வருஷம் டிசைன்தான் படித்தேன். முதுகலையில் புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

இளங்கலையில் உடை செய்யக் கற்றுக்கொண்டீர்கள். முதுகலையில் கற்க வேண்டியது, ஒரு சீசனுக்காகச் சேர்த்துத் திட்டமிடும் உடைத்தொகுப்பு, அதாவது கலெக்‌ஷன். இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

அழகான பத்து உடைகளை வரிசையாகத் தொங்கவிட்டால் அது கலெக்‌ஷன் ஆகிவிடாது. இறுதி வேலையாகப் பெரும்பாலும் 6 முதல் 12 லுக் (ஒருவர் ஒரே நேரத்தில் அணியும் முழு உடை) வரை கேட்பார்கள், ஒரு லுக்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று, சில சமயம் மேலங்கி ஒன்று என்று பிரித்தால் பத்து லுக்குக்கே இருபது, இருபத்தைந்து துண்டுகள் வந்துவிடும். அந்த இருபத்தைந்தில் எத்தனை கோட், எத்தனை சட்டை, எத்தனை கால்சட்டை, ஒரே துணி எத்தனை துண்டுகளில் திரும்ப வருகிறது, மேடையில் கண்ணைப் பறிப்பதற்காக மட்டுமே செய்த துண்டு எது, கடையில் உண்மையிலேயே நகரப்போகும் துண்டு எது என்று முடிவு செய்வதற்குப் பெயர் ரேஞ்ச் பிளான். நம்மில் பலருக்கு இந்த அட்டவணையைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆனால் டிசைன் நடப்பதே அங்கேதான் என்பது என் கருத்து. பன்னிரண்டு கவுன் வரைந்துவிட்டு மேலே போட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் குளிர்கால கலெக்‌ஷன் என்று கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எம்.ஏ., எம்.எஃப்.ஏ., மாஸ்டர், ஸ்பெஷலைஸ்டு மாஸ்டர் என்று விதவிதமாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். எது உண்மையான முதுகலைப் பட்டம்?

நல்ல வேளை, சேருவதற்கு முன்னால் கேட்டீர்கள். ‘மாஸ்டர்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பிரிட்டனில் முழு முதுகலைப் பட்டம் என்றால் வழக்கமாக 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி, நாட்டுக்கு நாடு கணக்கு வேறு). இத்தாலியில் ‘லாவுரேயா மஜிஸ்திராலே’ என்பது இரண்டு வருஷம், 120 கிரெடிட், அதுதான் அங்கே முறையான முதுகலைப் பட்டம். அதே நாட்டில் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு வருஷம், 60 கிரெடிட்டில் வேறொரு படிப்பு உண்டு. அதுவும் இல்லாமல் தனியார் பள்ளி தன் சொந்தச் சான்றிதழை மட்டும் கொடுக்கும் வகையும் உண்டு. அந்த மூன்றாவது வகையில்கூட நல்ல பயிற்சி கிடைக்கலாம், தப்பில்லை. ஆனால் பின்னால் முனைவர் பட்டத்துக்கோ ஆசிரியர் வேலைக்கோ போகும்போது அது செல்லாமல் போகலாம். பட்டத்தில் கையெழுத்துப் போடப்போவது யார், எத்தனை கிரெடிட் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாடத்திட்டத்தையும் பிரித்துப் படியுங்கள். சில இடங்களில் டிசைன் முழுக்க, மார்க்கெட்டிங் ஒரு சிறு தாள். சில இடங்களில் அப்படியே தலைகீழ், ஊசியைத் தொடாமலே முடித்துவிடலாம். இரண்டையும் சேர்த்து நடத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில் நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி, பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி) வெட்டும் ஆசிரியரும் விற்பனை ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பார்களா என்பதுதான்.

கேள்வி: நான் பொறியியல் படித்தவன். வயது 27. என்னையெல்லாம் எடுப்பார்களா?

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பின்னணியும் பெரிய தடை இல்லை. பெரிய டிசைனர்களையே பாருங்கள்: மியுச்சா பிராடா படித்தது அரசியல் அறிவியல், ராஃப் சைமன்ஸ் படித்தது தொழில்துறை வடிவமைப்பு, விர்ஜில் அப்லோ சிவில் இன்ஜினியரிங் முடித்துக் கட்டடக்கலையில் முதுகலை வாங்கியவர். மேரி கத்ரான்ட்சூ கட்டடக்கலையில் ஆரம்பித்து, துணி வடிவமைப்புக்கு மாறி, அப்புறம் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் ஃபேஷன் முதுகலை முடித்தார். பெரிய நகைகளை அச்சாகவே உடையில் பதித்த அவருடைய இறுதி கலெக்‌ஷனைப் பார்த்தால் அந்தப் பின்னணி வீணாகவில்லை என்பது புரியும்.

ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லி உங்களைச் சும்மா உசுப்பேற்ற மாட்டேன். டிசைன் ஸ்டூடியோ சார்ந்த படிப்புக்கு வந்தால் முதல் வாரத்திலேயே காடாத் துணியில் மாதிரி தைக்கச் சொல்வார்கள், டாயில் என்று பெயர். கை ஒட்டவில்லை என்றால் அங்கே நீங்கள் படும் பாடு கொஞ்சமாக இருக்காது. ஆறு மாதமாவது ஒரு தையல்காரரிடமோ பேட்டர்ன் வகுப்பிலோ இருந்துவிட்டு விண்ணப்பியுங்கள். கைவேலை வேண்டாம், விற்பனைதான் பிடிக்கும் என்றால் ஃபேஷன் மேனேஜ்மென்ட் பக்கம் போங்கள், பொறியாளர்களுக்கு அங்கே உற்பத்தித் திட்டமிடலில் நல்ல மதிப்பு இருக்கிறது.

கேள்வி: போர்ட்ஃபோலியோவில் எத்தனை பக்கம்? ஏ.ஐ. படங்கள் வைக்கலாமா?

அந்தக் கல்லூரி சொல்லும் எண்ணிக்கைதான் கணக்கு, ஒரு பக்கம்கூட மீறாதீர்கள். முடித்த உடையின் பளபளப்பான படத்தைவிட அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைக் காட்டுங்கள்: சரியாக வராத டாயிலின் படம், தோள்பட்டை உட்காராமல் மூன்று முறை மாற்றிய பேட்டர்ன், வேண்டாம் என்று ஒதுக்கிய துணித்துண்டு. எனக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் பாதி மனநிலைப் பலகையோடு (யோசனைக்காகப் படங்களை ஒட்டும் மூட் போர்டு) தொடங்கி மனநிலைப் பலகையிலேயே முடிந்துவிடுகின்றன. இணையத்தில் பொறுக்கிய படங்கள் உங்கள் ஆய்வு ஆகாது. உங்கள் பாட்டியின் பழைய ரவிக்கையைப் பிரித்து அதன் தையலை வரைந்து வைத்தால் அது ஆய்வு.

ஏ.ஐ. படம் வைத்தால் அதைச் சொல்லிவிட்டு வையுங்கள். நேர்காணலில் “இந்தக் கை எந்தத் தையலில் சேருகிறது?” என்று கேட்பார்கள். அந்தப் படத்தில் தையலே இருக்காது.

கேள்வி: நான் படைப்பாளி. விலை, மார்ஜின் எல்லாம் பார்த்தால் கற்பனை செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. விற்பனைப் பாடம் அவசியமா?

இந்தக் கேள்வியை நானும் ஒருகாலத்தில் இதே சொற்களில் கேட்டிருக்கிறேன், அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

ஒரு சட்டையைத் தயாரிக்கத் துணி, பட்டன், தையல்கூலி, பேக்கிங் எல்லாம் சேர்த்து 100 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு நீங்கள் கொடுக்கும் மொத்த விலை வழக்கமாக அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, 220 என்று வையுங்கள். கடை தன் வாடகை, ஆள், தள்ளுபடி எல்லாவற்றுக்கும் சேர்த்து அதை மறுபடி இரண்டரை மடங்கு பெருக்கும். மாட்டியில் தொங்கும் விலை 550. இப்போது நீங்கள் காலரின் உள்பக்கம் யாருக்குமே தெரியாத ஒரு பட்டுத்துணி வைக்க ஆசைப்படுகிறீர்கள், செலவு வெறும் 10. அந்த 10 கடைக்குப் போய்ச் சேரும்போது 55 ஆகிவிடும். வாங்குபவர் அந்த 55-ஐக் கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் வையுங்கள், தயங்கவே வேண்டாம். கொடுக்க மாட்டார் என்றால் வேறு எங்காவது 10 மிச்சப்படுத்தி அதை வையுங்கள், இரண்டு தையலை ஒன்றாக்கலாம், ஒரு பட்டனைக் குறைக்கலாம். இது டிசைன் முடிவு இல்லையென்றால் வேறு எது டிசைன் முடிவு?

இதே மாதிரிதான் காலமும். பெண்கள் ஆயத்த உடைகளின் குளிர்கால கலெக்‌ஷனை நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் வாரங்களில் பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவார்கள், கோடைக்கானதை செப்டம்பர், அக்டோபரில் காட்டுவார்கள். காட்டிவிட்டு ஆர்டர் வாங்கி, துணி வரவழைத்து, தைத்து, சுமார் ஆறு மாதத்தில் கடையில் சேர்க்க வேண்டும். அப்படியென்றால் துணியை நீங்கள் தேர்ந்தெடுத்தது அதற்கும் பல மாதம் முன்னால். ஆகஸ்ட்டில் கனமான கோட் கடைக்குள் வருகிறதே, வெளியே வெயில் கொளுத்துகிறதே, முதல் மூன்று வாரம் எதை விற்பது? மெல்லிய துண்டுகள் முதல் டெலிவரியில், கோட் இரண்டாவதில் என்று பிரிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தபின் என் வரைபடங்களே மாறிவிட்டன. கற்பனை சாகவில்லை, கொஞ்சம் பொறுப்பு வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: முடித்தவுடன் சொந்த லேபிள் ஆரம்பிக்கலாமா மேடம்?

பின்னாளில் பெரிய டிசைனரான அலெக்சாண்டர் மெக்வீனுடைய 1992 முதுகலை இறுதி கலெக்‌ஷன் முழுவதையும் ஃபேஷன் பத்திரிகைக்காரரான இசபெல்லா ப்ளோ வாங்கினார், அதுவும் தவணையில். இன்னொரு பெரிய டிசைனரான ஜான் கலியானோவின் 1984 பட்டப்படிப்பு கலெக்‌ஷனை லண்டன் பிரவுன்ஸ் கடை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. இந்தக் கதைகளை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். முதல் சீசனில் பெரிய கடை ஒன்று ஆர்டர் கொடுத்தது, தலைகால் புரியவில்லை. ஜிப் ஒன்று தவறான நிறத்தில் வந்து திரும்ப வரவழைத்ததில் டெலிவரி பதினோரு நாள் தாமதம். ஒப்பந்தத்தில் தாமதமானால் ரத்து செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். பாதி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். துணிக்கான பணம் ஏற்கெனவே போய்விட்டது. மீதிப் பெட்டிகள் என் படுக்கையறையில்தான் இருந்தன, கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லாமல்.

சரியான நேரத்தில் கொடுத்துவிட்டாலும் பணம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2024 மார்ச்சில் ஆடம்பர உடைகளை இணையத்தில் விற்ற மேட்சஸ் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது அங்கே சரக்குக் கொடுத்திருந்த பல சிறு லேபிள்களின் பாக்கி அப்படியே நின்றது. அதனால் ஆர்டர் உறுதி செய்யும்போதே முன்பணம் கேளுங்கள். கொடுக்காத கடைக்குச் சின்ன அளவில் மட்டும் கொடுங்கள். ஒரே கடை உங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் இருக்க விடாதீர்கள்.

இரண்டு வருஷம் வேறொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, முடிந்தால் கணக்குத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள் என்பதே என் யோசனை. மார்க்கெஸ் அல்மெய்டா என்ற லேபிள் ஒரே முதுகலை வகுப்பிலிருந்து வந்த இருவர் சேர்ந்து தொடங்கியது, நுனி பிரிந்த டெனிம் என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து 2015-இல் இளம் டிசைனர்களுக்கான எல்.வி.எம்.எச். பரிசு வாங்கியது. ஒரு துணி, ஒரு பழக்கம், அதைத் திரும்பத் திரும்பச் செய்வது. பதினைந்து யோசனைகளோடு தொடங்கும் லேபிளைப் பையர் அடுத்த சீசனில் மறந்துவிடுவார்.

கேள்வி: மிச்சத் துணியில் மட்டுமே செய்யும் கலெக்‌ஷனை ஆய்வாக எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிவருமா?

எடுக்கலாம், ஆனால் முதல் நாளே இதை யோசியுங்கள்: ஒரு சுருளில் முப்பது மீட்டர் மிச்சம் இருக்கிறது, பதினைந்து சட்டை வரும். பையர் நாற்பது கேட்டால்? அதே துணி மறுபடி கிடைக்காது. அதனால் துணி மாறினாலும் அதே உடை என்று தெரியும்படியான பேட்டர்னைச் செய்வதுதான் உங்கள் ஆய்வின் உயிர். அது நன்றாக வந்தால் என் கண்ணில் அருமையான இறுதி வேலை. ‘பூமியைக் காப்போம்’ என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வராதீர்கள்.

ஐரோப்பாவில் விற்கும் எண்ணம் இருந்தால் 2024-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோடிசைன் ஒழுங்குமுறையையும் படியுங்கள், விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கான தடை அதில் இருக்கிறது.

கேள்வி: லேபிளுக்கு என் பெயரையே வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பங்குதாரர் வந்து, பின்னால் பிரிந்தால் உங்கள் பெயரே உங்களுக்குச் சொந்தமில்லாமல் போகலாம், ஃபேஷனில் இது பலமுறை நடந்திருக்கிறது. எதை வைத்தாலும் இறுதிக் காட்சிக்கு முன்பே வணிகக் குறியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். வணிகக் குறியீட்டுப் பதிவில் உடை, காலணி, தொப்பி எல்லாம் 25-ஆம் வகுப்பு (பொருள் பிரிவு).

கேள்வி: விமர்சன வகுப்பில் அழவைத்துவிடுவார்கள் என்கிறார்களே அக்கா?

சில இடங்களில் ஆம். மூன்று வாரம் உட்கார்ந்து செய்த கோட்டைப் பார்த்து என் ஆசிரியர் “இதை யார் போடுவார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். அன்று அழுதேன். கழிப்பறையில் ஏற்கெனவே இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள், வரிசையில் நின்றேன். கேள்வி சரியானதுதான் என்று தோன்ற நான்கு நாள் ஆயிற்று. ஆனால் வேலையை விமர்சிப்பது வேறு, ஆளை அவமானப்படுத்துவது வேறு. இரண்டாவது நடந்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை, துறையில் புகார் கொடுங்கள்.

கேள்வி: இடம் கிடைத்துவிட்டது! வகுப்பு தொடங்க ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை என்ன செய்யட்டும்?

வாழ்த்துகள். பழைய கோட் ஒன்றை வாங்கித் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்து, மறுபடி தையுங்கள். அப்புறம், முடிந்தால் ஒரு மாதம் துணிக்கடையில் விற்பனையாளராக நில்லுங்கள், உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில். உள்ளே போனவர் எதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார், என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டை வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.