இறையியல் படிக்கக் கேட்கும் மகளின் அம்மாவுக்கு

அக்கா, நேற்று நீங்கள் கொண்டுவந்த அனுமதிக் கடிதத்தில் கல்லூரியின் பெயருக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தீர்கள். "ரொறன்ரோ பல்கலைக்கழகம் என்றுதானே பிள்ளை சொன்னாள், இது சுவாமிமாரின் கல்லூரி போல இருக்கிறதே, இந்தப் பட்டத்தை யார் மதிப்பார்கள்?" என்று கேட்டீர்கள்.

அந்தப் பயம் வேண்டாம். கடிதத்தில் இருக்கும் செயின்ட் மைக்கல்ஸ் கல்லூரியை 1852இல் பசிலியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபைக் குருக்கள் தொடங்கினார்கள், 1910இலிருந்து அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தே இயங்குகிறது. அதன் இறையியல் பீடமும் யேசுசபையினரின் ரெஜிஸ் கல்லூரியும் 2022இல் கைகோத்துவிட்டன. இவையும் ஸ்காபரோவில் நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற செயின்ட் ஒகஸ்டீன்ஸ் குருமடமும், அங்கிலிக்கன், பிரெஸ்பிற்றேரியன், யுனைற்றெட் சபைக் கல்லூரிகளோடு சேர்ந்து ரொறன்ரோ ஸ்கூல் ஒஃப் தியோலொஜி என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. ஒரு கல்லூரியில் பதிந்த பிள்ளை மற்றக் கல்லூரியில் போய் ஒரு பாடம் எடுக்கலாம், பல்கலைக்கழகத்தின் ரொபார்ட்ஸ் நூலகத்தில் இருந்து படிக்கலாம். முக்கியமான பட்டங்களைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கூட்டாகவே வழங்குகின்றன.

ஆனால் எல்லாப் பட்டமும் அப்படி இல்லை, இந்த இடத்தில்தான் பலர் வடிவாக வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரெஜிஸில் திருச்சபை தன் அதிகாரத்தில் தருகிற பட்டங்களும் உண்டு. குருவாகவோ குருமடப் பேராசிரியராகவோ போகிறவருக்கு அது பெரிய சொத்து, அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அது அவ்வளவாக உதவாது. அதனால் பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "இந்தப் பட்டம் பல்கலைக்கழகத்தோடு கூட்டாக வழங்கப்படுவதா?" என்று நேரே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சரி, வேலை. மகள் கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பிக்க ஆசைப்படுகிறாள் என்றீர்கள். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசாங்கப் பணத்தில் நடப்பவை, ஆசிரியர் வேலைக்கு வழமையாக பி.எட். முடித்து ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் (பெயர் கல்லூரி என்றாலும் அது ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு) உரிமம் எடுக்கவேண்டும், இறையியல் முதுகலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த உரிமத்துக்குப் பதிலாக நிற்காது. அவள் மனதில் உண்மையில் இருப்பது உயர்நிலைப் பள்ளியின் ஆன்மிக வழிகாட்டி வேலை, அதாவது சப்லின் வேலை என்றால், கதையே வேறு, அங்கே இறையியல் படிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே இருந்து ஆறுதல் சொல்லும் வேலைக்கும் இந்தப் படிப்பு அடித்தளம், ஆனால் மருத்துவமனைக்குள் மேற்பார்வையோடு செய்யும் சீபீஈ (கிளினிக்கல் பாஸ்ரரல் எடியுகேஷன்) பயிற்சி தனியாக வேண்டும். உளச்சிகிச்சையாளர் என்று பெயர்ப்பலகை போடுவதற்கு 2015இலிருந்து ஒன்ராறியோவில் தனி ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு அவசியம், அவள் எடுக்கும் பாடநெறியை அந்த அமைப்பு ஏற்கிறதா என்று இப்போதே பார்க்கவேண்டும், படித்து முடித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

கடிதத்தில் இருக்கும் எம்.டீ.எஸ். என்ற இறையியல் முதுகலைப் பட்டத்தை முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருடம், பெரும்பாலும் வாசிப்பும் எழுத்தும்தான். எம்.டிவ். (மாஸ்ரர் ஒஃப் டிவினிற்றி) என்ற மற்றப் பட்டம் மூன்று வருடம், பங்கிலோ பள்ளியிலோ களப்பயிற்சியும் அதற்குள் வரும். சப்லின் வேலை என்றால் நான் எம்.டிவ். பக்கம்தான் சாய்வேன், ஒரு வருடம் கூடினாலும்.

அப்புறம், நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்றும் எனக்குத் தெரிகிறது. இறையியல் படிக்கிற எல்லோரும் துறவறம் போவதில்லை அக்கா. அந்த வகுப்புகளில் திருமணம் செய்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், பகலில் வேலை செய்துவிட்டு மாலையில் வருகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவள் துறவறத்தைத்தான் நினைக்கிறாள் என்றாலும் அதை அவளோடு இருந்து கதைக்கவேண்டும், கல்லூரியை மறித்து அதை நிறுத்த முடியாது.

கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்கிறது. அவள் படித்த உயர்நிலைப் பள்ளியில் இப்போது சப்லினாக இருப்பவரை இருவருமாகப் போய்ப் பாருங்கள், என்ன படித்து அந்தக் கதிரைக்கு வந்தார் என்று கேளுங்கள். அந்தப் பதிலோடு வியாழக்கிழமை என்னிடம் வாருங்கள், மகளும் கட்டாயம் வரட்டும்.