படிவங்கள் கூடினால் சாய்வு குறையுமா?

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் தமிழ் எந்த அளவுக்குப் பேசப்படுகிறது என்று அறிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் 200 பேரிடம் படிவம் வாங்கினேன். ‘எப்போதும்’ என்ற விடைக்கு 5, ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 1 என எண்ணிட்டுச் சராசரியும் கண்டேன். விரிவுரையாளர் இரண்டையும் ஏற்கவில்லை. இன்னும் 300 படிவங்கள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சராசரியைத் திருத்துவது எளிது. அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் வகுத்த நான்கு அளவைகளுள் உங்கள் விடைகள் வரிசை அளவையைச் சேர்ந்தவை. 5 என்பது 4ஐவிடக் கூடுதல் என்று சொல்லலாமே தவிர, அவற்றுக்கிடையேயான தொலைவும் 2க்கும் 1க்கும் இடையேயான தொலைவும் சமம் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆகவே இடைநிலையையோ (விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதையோ) ஒவ்வொரு விடைக்குமான விழுக்காட்டையோ தாருங்கள். (இத்தகைய விடைகளுக்குச் சராசரி காணும் ஆய்வாளர்களும் உண்டு, அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.) படிவத்தில் கேட்டிருக்கக்கூடிய ஆறிலக்க அஞ்சல் குறியீடு, எண்ணாகத் தோன்றினாலும் பெயரைப் போல அடையாளம் மட்டும் காட்டும் பெயரளவை, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையோ உண்மையான சுழியிலிருந்து எண்ணப்படும் விகித அளவை என்பதால் அதற்குச் சராசரி தாராளமாகப் பொருந்தும்.

மாதிரியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நீங்கள் எடுத்தது வசதி மாதிரி, அதாவது எளிதில் கிடைத்தவர்களை மட்டும் சேர்த்தது. ஞாயிறன்று தேக்காவுக்கு வந்து, தமிழைப் பற்றிய படிவம் என்றதும் நின்று நிரப்பிக் கொடுத்தவர், வீட்டிலும் தமிழ் பேசுபவராக இருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கு வராதவருக்கோ உங்கள் ஆய்வில் இடமே இல்லை. மேலும் 300 படிவங்கள் தற்செயல் பிழையை (யார் யார் மாதிரியில் அமைந்தனர் என்பதால் வரும் ஏற்ற இறக்கத்தை) குறைக்குமே ஒழிய, இந்த ஒருபக்கச் சாய்வைத் தொடக்கூட மாட்டா.

சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவற்றில் எல்லா வீடுகளின் கதவையும் தட்டும் கொத்து மாதிரியும் உங்களுக்குக் கைகொடுக்காது. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதத்துக்கு வரம்பிட்டுள்ளதால், தமிழ்க் குடும்பங்கள் தீவு முழுவதும் பரவியிருக்கின்றன. ஒரு புளோக் முழுக்க ஏறி இறங்கினாலும் சில வீடுகளே தேறும்.

தமிழ்க் குடும்பங்களின் முழுப் பட்டியல் மாணவர் கைக்குக் கிடைக்கப்போவதில்லை. எனவே ஆய்வின் முழுமைத் தொகுதியை, அதாவது யாரைப் பற்றி முடிவு சொல்கிறீர்களோ அந்தக் கூட்டத்தை, சுருக்குங்கள். உங்கள் கல்லூரியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்து வந்த மாணவர்களின் பட்டியலைக் கல்லூரியின் அனுமதியோடு பெற்று, ஆண்டுவாரியாக அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் அதன் அளவுக்கேற்பச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். விடையளிக்காதவருக்குப் பதிலாக அருகிலிருக்கும் தோழியைச் சேர்க்க வேண்டாம். மீண்டும் கேளுங்கள், அப்போதும் மறுத்தால் அந்த எண்ணிக்கையை அறிக்கையில் குறிப்பிடுங்கள். தலைப்பிலும் ‘சிங்கப்பூர்த் தமிழர்’ என்பதை நீக்கி, கல்லூரி மாணவர் என்று மாற்றிவிடுங்கள். தேக்காவில் வாங்கிய 200 படிவங்களை, வினாக்கள் புரிகின்றனவா என்று பார்த்த முன்னோட்டமாகக் காட்டலாம்.