ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிஞ்சு வந்த அப்பா ரெண்டு தடவை விழப் பாத்துட்டார், கால்ல வலுவே இல்ல. இது சகஜமா? என்ன பண்ணலாம்?

சகஜம்தான், ஆனா சகஜம்னு விட்டுட்டா வம்பு. நான் டாக்டர் இல்ல, யாங்கோன்ல இருக்கேன். எங்கப்பாவுக்கு 61 வயசு, மல்டிபிள் மைலோமாங்கிற ரத்தப் புற்றுநோய், சென்னைக்குக் கூட்டிட்டுப் போய் ரத்த அணுக்களை உருவாக்குற அவரோட சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வச்சு, கீமோ குடுத்து, திருப்பி ஏத்துனாங்க. மூணு வாரத்துக்கு மேல பெட்டுதான் கதி. ஊருக்கு வந்து எங்க கட்டடத்து வாசல்ல நின்னு மேல பாத்தாரு பாருங்க, அந்த மூஞ்சியை மறக்க முடியாது. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இங்க பழைய கட்டடத்துப் படிக்கட்டெல்லாம் ஏணியைச் சாத்தி வச்ச மாதிரிதான் இருக்கும்.

பாத்தவங்க எல்லாம் வீக்னெஸ்தான், சூப் குடுங்க சரியாயிடும்னாங்க. பிசியோதெரபிஸ்ட்தான் விளக்குனாரு. இந்த நோய்க்குக் குடுக்கிற டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு தொடை, இடுப்புச் சதையைத்தான் முதல்ல கரைக்கும், அதனால சமதரையில நல்லாத்தான் நடப்பாரு, நாற்காலியில இருந்து எந்திரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அது போக மைலோமாவுக்குப் போட்ட போர்ட்டெசோமிப் ஊசியால பாதம் மரத்துப் போச்சு. ஒருநாள் ஒத்தைச் செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமயே வராந்தா முழுக்க நடந்து போயிட்டாரு, பின்னாலயே நான் செருப்பைத் தூக்கிட்டுப் போறேன்.

பயந்தது படிக்கட்டுக்கு, விழுந்தது பாத்ரூம் வாசல்ல. ராத்திரி ரெண்டு மணி, கரண்ட் இல்ல, படுக்கையில இருந்து சடார்னு எந்திரிச்சாரு, பிரஷர் இறங்கி கிறுகிறுத்திருக்கு, அந்த நேரம் பாத்து கைலி அவுந்து கால்ல சுத்திக்கிச்சு. தண்ணி டிரம்முல சாஞ்சு உக்காந்துட்டதால தலை தப்பிச்சுது. அப்ப ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு 45,000தான், சாதாரணமா ஒன்றரை லட்சமாவது இருக்கணும். பிளேட்லெட் கம்மியா இருக்கும்போது தலையில அடிபட்டா, வெளிய ஒண்ணும் தெரியலன்னாலும் உள்ள ரத்தம் கசியலாம், விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இதை மட்டும் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுடுங்க.

மறுநாள்ல இருந்து ராத்திரிக்கு கைலி தடை, எலாஸ்டிக் வச்ச கால்சட்டைதான், பின்பக்கம் வார் வச்ச செருப்பு, பாத்ரூம் வழியில சார்ஜ் லைட்டு, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உக்காரணும். கட்டில் பக்கத்துல யூரின் பாட்டில் வச்சதுக்கு மட்டும் ரெண்டு நாள் பேசல.

எங்கம்மா பண்ணதைச் சொல்லணும். பாசத்துல, எந்திரிக்கும்போதெல்லாம் அக்குள்ல கைகுடுத்துத் தூக்கி விடுவாங்க. தூக்கித் தூக்கியே கால் வேலையே செய்யாமப் போச்சுன்னு நான் இப்பவும் சொல்லுவேன், அம்மா ஒத்துக்க மாட்டாங்க. பிசியோ வச்ச டெஸ்ட் ரொம்ப சிம்பிள்: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, கையை நெஞ்சுல குறுக்க கட்டிக்கிட்டு, 30 செகண்டுல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணணும், கையை ஊணுனா கணக்கு பூஜ்யம். 60லிருந்து 64 வயசு ஆம்பளைங்க 14க்குக் கீழ போனா விழற ஆபத்து இருக்குன்னு அர்த்தமாம். அப்பா எடுத்தது 4.

அதையே பிசியோ பயிற்சியாவும் ஆக்கிட்டாரு. முதல்ல நாற்காலியில தலகாணி போட்டு உயரம் பண்ணி, அப்புறம் தலகாணியை எடுத்து, காலை சாயந்திரம் கொஞ்சம் கொஞ்சமா. உங்கப்பாவுக்கு ஆரம்பிக்கும் முன்ன பிளேட்லெட், ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டை டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுக்குங்க, மைலோமான்னா எலும்பும் பலமா இருக்காது, எங்களுக்கே பிளேட்லெட் இறங்குன வாரம் வெறும் நடை மட்டும் போதும்னுட்டாங்க.

நாலு மாசம் ஆச்சு. போன வாரம் தெருமுனை டீக்கடையில அந்தக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்ல, முழங்கால் நெஞ்சுல முட்ற உயரம்தான் இருக்கும், அதுல உக்காந்து டீ குடிச்சுட்டு அவராவே எந்திரிச்சாரு. கையே ஊணலன்னு அம்மாகிட்ட போய் சொல்லியிருக்காரு. மேஜையில ரெண்டு விரல் இருந்துச்சு, நான் பாத்தேன்.